தண்ணீரில் விழுந்த போன்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தண்ணீரிலிருந்து போனை எடுத்ததும் கை தானாகச் செய்யும் முதல் வேலை, பொத்தானை அழுத்தி ஓடுகிறதா என்று பார்ப்பது. ஓடவில்லை என்றால் அடுத்தது, சார்ஜரில் செருகிப் பார்ப்பது. என் மேசைக்கு வந்து பிழைக்காமல் போன போன்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வேலையால்தான் போயின. வெறும் தண்ணீர் போனைக் கொல்வது குறைவு. தண்ணீர் உள்ளே இருக்கும்போது ஓடுகிற மின்சாரம்தான் செம்பையும் ஈயத்தையும் அரித்துத் தின்னும்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சந்தில் 11 வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன். நனைந்த போன்கள் எத்தனை வந்தாலும் அறிகுறிகள் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும். உங்கள் போன் எதைக் காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் நனைந்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்றால், முதலில் இதைச் செய்துவிடுங்கள்.

## இப்போதுதான் நனைந்தது

நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அணைத்துவிடுங்கள். சார்ஜரில் இருந்தால், சுவர் சுவிட்சை முதலில் அணைத்து, பிறகு கேபிளை உருவுங்கள். திரை வேலை செய்யாததால் அணைக்க முடியவில்லை என்றால், வீட்டில் காயவைக்க வேண்டாம். அன்றைக்கே கடைக்குப் போங்கள். திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றுவது எங்களுக்குச் சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடம்தான் போனைக் காப்பாற்றும்.

கவரைக் கழற்றுங்கள். சிம் தட்டை எடுத்துவிடுங்கள். சிம்மைத் துடைத்து வீட்டில் கிடக்கும் பழைய போன் ஏதாவது ஒன்றில் போடுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வங்கி ஓடிபி, ஊருக்கு அழைப்பு எல்லாமே இங்கே அந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன. எண் வேறு போனில் ஓடிக்கொண்டிருந்தால், நனைந்ததை அவசரப்பட்டு எழுப்ப வேண்டிய தவிப்பு இருக்காது. இ-சிம் வைத்திருப்பவர்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்டு வேறு போனுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சிம் தட்டு இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐபோனிலும் பல சாம்சங் போன்களிலும் அங்கே வெள்ளையாக ஒரு சிறு ஒட்டுப்பட்டை இருக்கும். ஈரம் பட்டால் அது சிவந்துவிடும். சிவந்திருந்தால் தண்ணீர் உள்ளே போனது உறுதி. வெள்ளையாகவே இருந்தால், அந்த வழியாகப் போகவில்லை என்று மட்டும்தான் பொருள்.

சார்ஜிங் துளை கீழே பார்க்கும்படி போனைப் பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். துணி உதறுவதுபோல் உதறினால் ஓரத்தில் நின்ற தண்ணீர் நடுவுக்குப் போய்விடும். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் திரையைச் சுற்றியுள்ள பசை இளகும். காற்று தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும்.

அப்புறம் அரிசி. சார்ஜிங் துளையில் சிக்கிய குருணையை ஊசியால் நெம்பி எடுப்பது எங்களுக்கு வாடிக்கையான வேலையாகிவிட்டது. அரிசிப் பைக்குள் ஐபோனைப் போடாதீர்கள், துகள்கள் கெடுத்துவிடும் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி, 2024 தொடக்கத்தில் அது செய்தியாகவும் வந்தது. அரிசி ஈரத்தை இழுக்கும் வேகம் மிகக் குறைவு. அதை நம்பி வீட்டில் மூன்று நாள் வைத்திருக்கிறார்களே, அந்த மூன்று நாளில் உள்ளே அரிப்பு பாதி வேலையை முடித்துவிடுகிறது.

எங்கே காயவைப்பது? சிங்கப்பூரில் இந்தக் கேள்வி முக்கியம். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில்கூட பிற்பகலில் 60 விழுக்காட்டை ஒட்டித்தான் இறங்கும். துவைத்த சட்டையே உலராத மழை நாளில், ஜன்னலோரம் வைத்த போனின் உட்பக்கம் எப்படி உலரும்? ஏர்கான் ஓடும் அறையில், மின்விசிறிக் காற்று படும்படி, துளை கீழே பார்க்கச் சாய்த்து வையுங்கள். 24 மணி நேரம். ஏர்கான் இல்லாத வீடு அல்லது விடுதி அறை என்றால் 48 மணி நேரம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதும் நல்லது, ஆனால் புதிய பைகளாக இருக்க வேண்டும். காலணிப் பெட்டியில் மாதக்கணக்கில் திறந்து கிடந்த பை, நம் ஊர்க் காற்றின் ஈரத்தை ஏற்கனவே குடித்து நிரம்பியிருக்கும்.

### தண்ணீர் இல்லை, வேறு ஏதோ என்றால்

நல்ல தண்ணீர் காய்ந்தால் பெரிதாக எதையும் விட்டுவைக்காது. கடல் நீர் உப்பை விடும், தே தாரே (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) சர்க்கரையையும் பாலையும் விடும். அந்த மிச்சம்தான் வினை.

தைப்பூசத்துக்கு மறுநாள் எங்களிடம் பாலில் நனைந்த போன்கள் வரும். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடம் சுமந்து நடந்தவர்கள், இடுப்புப் பையில் போனை வைத்திருப்பார்கள். குடம் சற்றே தளும்பினால் போதும். ஒருமுறை ஓர் அக்கா இரண்டு நாள் கழித்து எடுத்து வந்தார். திறந்தபோது புளித்த வாடை. சார்ஜிங் பகுதியின் மேல் ஆடை படிந்ததுபோல் மஞ்சளாக ஒரு படலம், அதன் ஓரத்தில் பாசிப் பச்சையில் செம்பு பூத்திருந்தது. அன்று இரவே வந்திருந்தால் ஆல்கஹாலில் கழுவியதோடு முடிந்திருக்கும். அந்தப் பகுதியையே மாற்ற வேண்டியதாகிவிட்டது.

ஐபி67, ஐபி68 (தண்ணீர் தாங்கும் தரத்தைச் சொல்லும் எண்) என்று சொல்லி விற்ற போன், கண்ணாடியில் விரிசல் இல்லை, ஒருமுறையும் திறந்து பழுது பார்த்ததில்லை: இந்த மூன்றும் சரியாக இருந்தால், அணைத்துவிட்டு, பால், தேநீர், உப்புநீர் பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீர் மெதுவாக ஓட விட்டுக் கழுவுங்கள். நனைந்ததை மறுபடி நனைக்கப் பயமாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கழுவ வேண்டாம், அதே நாளில் கடை.

ஐபி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68இல் ஆழத்தை நிறுவனமே சொல்லும்: ஐபோன் 12 முதல் வந்த முதன்மை மாடல்கள் பலவற்றுக்கு 6 மீட்டர், சாம்சங்கின் பல மாடல்களுக்கு 1.5 மீட்டர். இவை புதுப் போனை, அசையாத நல்ல தண்ணீரில் வைத்துச் சோதித்த அளவுகள். இரண்டு வருடம் பின்பையில் வைத்து வளைந்த போனுக்கும், கடல் அலைக்கும் அவை பொருந்தாது.

## போன் ஓடுகிறது, சார்ஜ் ஏறவில்லை (அல்லது நீர்த்துளிப் படம் வருகிறது)

இதுதான் அதிகம் வருவது, மிக எளிதாகத் தீர்வதும் இதுதான். துளையில் ஈரம் தெரிந்ததும் போன் தானே சார்ஜை நிறுத்திக்கொள்கிறது. அது பழுது இல்லை, பாதுகாப்பு. ஐபோனில் அந்த எச்சரிக்கையை மீறி அவசரமாகச் சார்ஜ் செய்ய ஒரு வழி காட்டும். உயிர் போகிற அவசரம் தவிர அதைத் தொடாதீர்கள்.

முதலில் துளையைக் கீழே பிடித்துத் தட்டுங்கள். அரை மணி நேரம் காற்றோட்டத்தில் வைத்துவிட்டு, உலர்ந்த கேபிளைச் செருகிப் பாருங்கள். மறுபடி எச்சரிக்கை வந்தால் ஒரு முழு நாள் விடுங்கள். பஞ்சு, டிஷ்யூ எதையும் உள்ளே விட வேண்டாம். இழை உள்ளேயே தங்கிவிடும். இடையில் சார்ஜ் தீர்ந்தால், வயரில்லாச் சார்ஜர் வசதி உள்ள போனை முதுகு உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து அதில் வைக்கலாம். துளை மட்டும் நனைந்த போனுக்குத்தான் இது. முழுதாக மூழ்கிய போனுக்கு அல்ல.

ஒரு நாள் ஆன பிறகும் வருகிறதா? கேபிளை மாற்றிப் பாருங்கள். கேபிள் முனையில் ஒரு பின் மட்டும் கறுத்திருந்தால் அது ஈரத்தோடு சார்ஜ் செய்ததின் தழும்பு. அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுங்கள். அதைச் செருகினால் அடுத்த போனின் துளைக்கும் கேடு. சாம்சங்கில் துளை நன்றாக உலர்ந்த பிறகும் நீர்த்துளிப் படம் போகவில்லை என்றால், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், சிஸ்டம் ஆப்களையும் காட்டச் சொல்லி, யுஎஸ்பி செட்டிங்ஸின் தரவை அழித்துவிட்டுப் போனை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். பல போன்களுக்கு இதுவே போதும்.

அதற்கும் மசியாவிட்டால், டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். பின்களில் பச்சையோ கறுப்போ தெரிந்தால் கடை. பல மாடல்களில் சார்ஜிங் துளை தனிப் பகுதியாக மாறும், செலவு குறைவு. அதை மாற்றியும் ஏறவில்லை என்றால், போர்டில் (போனின் முதன்மை மின்சுற்றுப் பலகையில்) உள்ள சார்ஜிங் ஐசி, அதாவது சார்ஜைக் கவனிக்கும் சில்லு, காரணமாக இருக்கலாம். அது நுண்ணோக்கியின் கீழ் செய்யும் வேலை, பல மடங்கு செலவு. எனவே எந்தக் கடைக்காரராவது எடுத்த எடுப்பிலேயே ஐசி என்று சொன்னால், துளையை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

## குரல் கம்மிக் கேட்கிறது, அல்லது எதிரில் இருப்பவருக்கு நம் குரல் கேட்கவில்லை

பெரும்பாலும் ஸ்பீக்கர் வலையில் தண்ணீர் சவ்வுபோல் நிற்பதுதான் காரணம். அறையில் ஒரு இரவு, ஸ்பீக்கர் கீழே பார்க்க வைத்தாலே பாதிக்குப் பாதி சரியாகும். தாழ்ந்த சுருதியில் ஒலி எழுப்பித் தண்ணீரைத் தள்ளும் ஆப்களும் வீடியோக்களும் உண்டு, அவை உதவும். ஆனால் ஒலி எழுப்பப் போனை ஓட விட வேண்டுமே. லேசாகத் தூறலில் நனைந்த போனுக்குச் செய்யலாம். மூழ்கி எழுந்ததை முதலில் காயவிடுங்கள்.

மைக்கைச் சோதிக்க, குரல் பதிவு ஒன்று செய்து கேளுங்கள். பிறகு ஸ்பீக்கரில் போட்டு ஒருவரை அழைத்துப் பேசுங்கள். ஒன்றில் கேட்டு மற்றொன்றில் கேட்கவில்லை என்றால் ஒரு மைக் மட்டும் அடைத்திருக்கிறது. இரண்டு மூன்று நாளில் தெளியவில்லை என்றால் பகுதியை மாற்ற வேண்டும். ஊசி விட்டுக் குத்தாதீர்கள். அந்த ஓட்டைக்குப் பின்னால்தான் தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு இருக்கிறது.

## கேமராவுக்குள் பனி மூடியிருக்கிறது

ஏர்கானிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் மேல் பனி படர்வது இங்கே எல்லோருக்கும் பழக்கம். துடைத்தால் போனால் அது வெளியே. துடைத்தும் போகவில்லை என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது, அடைப்புப் பசை எங்கோ விட்டுவிட்டது. ஓரிரு நாளில் மறைந்துவிடும்தான், ஆனால் மறைந்ததும் மறந்துவிடாதீர்கள். கேமராவுக்குப் போன ஈரம் போர்டுக்கும் போயிருக்கலாம். மறுபடி மறுபடி வந்தால் திறந்து உலர்த்திப் புதுப் பசை போடச் சொல்லுங்கள்.

## திரையில் கோடு, கறை, அல்லது தானாகவே அழுத்திக்கொள்கிறது

தானாக ஆப் திறப்பது, ரகசிய எண்ணைத் தவறாக அழுத்திப் பூட்டிக்கொள்வது: இவை தொடுதிரைக்கு அடியில் ஈரம் இருப்பதன் அறிகுறி. முதலில் கண்ணாடிப் பாதுகாப்புத் தாளைக் கழற்றுங்கள். அதற்கும் திரைக்கும் நடுவே தண்ணீர் நின்றாலும் இதே கூத்துதான், செலவே இல்லாமல் தீர்ந்துவிடும். இல்லையென்றால் அணைத்து ஒரு நாள் காயவிடுங்கள். தவறான எண்ணைப் போன் தானாகவே திரும்பத் திரும்ப அழுத்தினால் கடைசியில் உங்களையே உள்ளே விடாது. ஆகவே அணைப்பதில் தாமதம் வேண்டாம்.

திரை கறுப்பு, ஆனால் போன் அதிர்கிறது என்றால் இருட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் எல்சிடி திரையின் பின்விளக்கு மட்டும் போயிருக்கிறது. ஓஎல்இடி திரைக்குப் பின்விளக்கே கிடையாது, அதற்கு இந்தச் சோதனை பயன்படாது. பச்சைக் கோடு, ஊதாக் கறை காய்ந்தபிறகும் நின்றால் திரையை மாற்ற வேண்டியதுதான். ஓஎல்இடி என்றால் போனின் தற்போதைய மதிப்பை முதலில் விசாரியுங்கள்.

## போன் எழவே இல்லை

காயவிட வேண்டிய நேரம் முழுதும் ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் இந்தப் பகுதியை நாளைக்குப் படியுங்கள்.

ஆகிவிட்டது என்றால், சார்ஜரைத் தொடுவதற்கு முன் பொத்தானை அழுத்துங்கள். எழவில்லை என்றால், சிம் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபையில் அது உயிரோடு இருக்கக்கூடும். வேறு போனிலிருந்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். (உங்கள் வாட்ஸ்அப் கணினியிலோ வேறு போனிலோ திறந்திருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். பூட்டு எண் போட்ட போன், அணைந்து எழுந்தபின் ஒருமுறை திறக்கும்வரை செய்தியை வாங்காமலும் இருக்கலாம்; ஆகவே ஒரு டிக் மட்டும் வந்தால் போர்டு செத்தது என்று பொருளில்லை.) இரண்டு டிக் வந்தால் போர்டு பிழைத்திருக்கிறது, திரை மட்டும்தான் செத்திருக்கிறது. கையில் பிடித்தபடி வாட்ஸ்அப்பில் அழைத்தால் அதிர்வும் தெரியலாம்.

ஒரு டிக்தான் என்றால் இப்போது சார்ஜர். கையை முதுகில் வைத்துக்கொண்டே செருகுங்கள். மூன்று வகையாக நடக்கும்:

- பேட்டரிப் படம் வந்தால், சார்ஜ் தீர்ந்திருக்கிறது. அரை மணி நேரம் விடுங்கள்.
- எதுவுமே வராமல் போனும் குளிர்ந்தே இருந்தால் துளையோ பேட்டரியோ காரணமாக இருக்கலாம். இன்னொரு கேபிள், இன்னொரு சார்ஜர், அதோடு நிறுத்துங்கள்.
- ஓரிடத்தில் மட்டும் சுரீர் என்று சூடு ஏறினால் உடனே உருவுங்கள். போர்டில் ஷார்ட். இனி வீட்டு வைத்தியம் கிடையாது.

ஷார்ட் என்று சொன்னதும் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அவசியமில்லை. கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் போன் நினைவுக்கு வருகிறது. மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். மழை போகவில்லை, வியர்வை போய்விட்டது; பைக்குள்ளேயே ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் போனுக்குள் இறங்கிவிட்டது. வியர்வையும் உப்புநீர்தானே. போர்டின் கவசத் தகட்டைத் தூக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கெப்பாசிட்டர், அதன் ஒரு கால் பச்சையாக நுரைத்திருந்தது. அதை எடுத்துப் போட்டு, 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் போர்டை அல்ட்ராசோனிக் தொட்டியில் (ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் தொட்டி) கழுவியதும் போன் எழுந்தது. குழந்தை பிறந்த அன்று ஊரிலிருந்து வந்த படங்கள் அதில்தான் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கடையை விட்டுக் கிளம்பினார்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஆல்கஹாலை வாங்கி நீங்களே ஊற்ற வேண்டாம். மீதி 30 விழுக்காடு பெரும்பாலும் தண்ணீர்தான்.

## சூடாகிறது, முதுகு உப்புகிறது, இனிப்பான ரசாயன வாடை வருகிறது

இதில் படிப்படியாகப் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. சார்ஜரிலிருந்து எடுங்கள். அழுத்தாதீர்கள், வளைக்காதீர்கள். மெத்தை, தலையணை, திரைச்சீலையிலிருந்து தள்ளி, வெறும் ஓடு பதித்த தரையில் வையுங்கள். உப்பியதோடு நின்றால் பேட்டரி மாற்றும் கடைக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. புகை வந்தால் கையில் எடுக்க முயலாதீர்கள். எல்லோரும் வெளியேறி, சிங்கப்பூரின் தீயணைப்பு அவசர எண்ணான 995ஐ அழையுங்கள்.

## பத்து நாள் நன்றாக ஓடியது, பிறகு நின்றுவிட்டது

"அன்னைக்கு நனைஞ்சதுதான் அண்ணே, ஆனா அப்புறம் நல்லாத்தானே ஓடுச்சு" என்று வருவார்கள். அரிப்பு ஒரே நாளில் முடிவதில்லை. கவசத் தகட்டுக்கு அடியில் தங்கிய துளி மெல்ல மெல்லத் தின்றுகொண்டே இருக்கும். முன்னறிகுறிகள் உண்டு: சார்ஜ் வழக்கத்தைவிட வேகமாக இறங்குவது, வைஃபை அல்லது சிக்னல் விட்டுவிட்டு வருவது, காரணமில்லாமல் அணைந்து எழுவது. நனைந்த போனில் இவற்றில் ஒன்று தெரிந்தாலும், அன்று இரவே படங்களையும் தொடர்பு எண்களையும் நகலெடுத்துவிடுங்கள். பிறகு திறந்து கழுவக் கொடுங்கள். ஓடுகிற போனைத் திறக்கச் சொல்லப் பலருக்கு மனம் வராது. ஓடும்போது கழுவுவதுதான் மலிவு.

## கடைக்குக் கொண்டுபோகும்போது

காப்பீடோ கூடுதல் பாதுகாப்புத் திட்டமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாதாரண உத்தரவாதம் தண்ணீர்ச் சேதத்துக்குப் பொதுவாகச் செல்லாது. வெளிக்கடையில் திறந்துவிட்டால் திட்டம் கைவிட்டுப் போகவும் கூடும்.

எதில் நனைந்தது, எப்போது, சார்ஜ் செய்தீர்களா: உண்மையைச் சொல்லுங்கள். யாரும் திட்டப்போவதில்லை. பால் என்று தெரிந்தால் கழுவும் முறையே வேறு.

போன் வேண்டுமா, உள்ளே இருப்பது வேண்டுமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இன்றைய போன்களில் தரவு பூட்டப்பட்டு அந்தப் போர்டோடு பிணைந்திருக்கிறது. நினைவகச் சில்லை மட்டும் பிரித்து எடுத்துப் படிக்க முடியாது. போர்டையோ போனையோ மாற்றிக் கொடுத்தால் படங்கள் போயே போய்விடும். படங்கள்தான் முக்கியம் என்றால், போர்டைப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம், "ஒருமுறை எழுந்தால் போதும், நகலெடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். வேலையும் செலவும் அதற்கேற்ப மாறும்.

திறந்து பார்க்க எத்தனை வெள்ளி (டாலர்), எழாவிட்டால் எத்தனை வெள்ளி என்று முன்பே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பகுதியைத் திருப்பிக் கேளுங்கள். புதுப் பசை போட்டார்களா என்றும் கேளுங்கள். போட்டிருந்தாலும், ஒருமுறை திறந்த போனை இனி நீச்சல் குளத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.